எஃகுக்கும் தழைச்சத்து

தழைச்சத்து என்றதும் யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் நம் நினைவுக்கு வருகின்றன. பயிருக்கு இடும் இதே தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், எஃகின் மேற்பரப்பிலும் ஏற்றப்படுகிறது. டீசல் எஞ்சின், டிராக்டர் ஆகியவற்றின் சில முக்கிய உறுப்புகள் எளிதில் தேயாமல் உழைப்பதற்கு இம்முறை உதவுகிறது. ஆனால் இவ்வாறு கடினப்படுத்தப்பட்ட பகுதி ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருப்பதில்லை. பழுது பார்க்கும்போது அதைத் தெரியாமல் நீக்கிவிட்டால் உறுப்பு முன்போல் உழைக்காது. பயிருக்கு நீர் பாய்ச்ச வேண்டிய நாளில் எஞ்சின் நின்றுவிட்டால் நட்டம் உழவருக்குத்தான். ஆகவே இம்முறையைப் பற்றி நீங்களும் அறிந்திருப்பது நல்லது.

நைட்ரஜன் எஃகினுள் புகும் விதம்

நம் ஊர்ப் பட்டறையில் அரிவாளையும் கொழுவையும் சிவக்கக் காய்ச்சி, நீரில் தோய்த்துக் கடினமாக்குகிறார்கள். இது எஃகிலுள்ள கரியின் துணையால் நடப்பது. இம்முறையில் திடீரென்று குளிர்வதால் பொருள் சிறிது வளையவோ கோணவோ கூடும். அரிவாளுக்கு அது பெரிய குறையன்று. நூலளவும் பிசகாமல் சுழல வேண்டிய கிராங்க் தண்டுக்கு அது ஆகாது.

நைட்ரஜன் ஏற்றும் முறை வேறு. கடைந்து முடித்த உறுப்பைக் காற்றுப் புகாத உலையில் வைத்து, 500 முதல் 570 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் அம்மோனியா வாயுவைச் செலுத்துகிறார்கள். சூடான எஃகின் மீது பட்டதும் அம்மோனியா, நைட்ரஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிகிறது. அப்போது வெளிப்படும் நைட்ரஜன் அணுக்கள் மிகச் சிறியவை. அவை இரும்பு அணுக்களின் இடைவெளிகளில் புகுந்து மெல்ல உள்ளே பரவுகின்றன. அரை மில்லிமீட்டர் ஆழம் செல்ல 50 மணி நேரம்கூட ஆகலாம். நீரில் தோய்க்கும் வேலை இல்லை. உறுப்பின் வடிவமும் அதிகம் மாறுவதில்லை.

அம்மோனியாவைக் கொண்டு எஃகைக் கடினமாக்கும் முறைக்கு அமெரிக்காவில் அடால்ஃப் மாக்லெட் என்பவர் 1913-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் தொழிற்சாலை ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் இயங்கத் தொடங்கியதும் அதே 1913-இல்தான். யூரியா தயாரிக்கவும் அந்த அம்மோனியாவே தேவை. வயலுக்கும் எஃகுக்கும் வரும் நைட்ரஜன் ஒரே வழியாகவே வருகிறது.

வெட்டிப் பார்த்தால் தெரிவது

நைட்ரஜன் ஏற்றிய துண்டொன்றைக் குறுக்கே வெட்டி, மெருகிட்டு, நீர்த்த அமிலம் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் மூன்று பகுதிகள் தெரியும்.

1. வெள்ளை அடுக்கு: எல்லாவற்றிற்கும் மேலே இருப்பது. இரும்பும் நைட்ரஜனும் சேர்ந்த நைட்ரைடுகளால் ஆனது. அமிலம் இதை அரிக்காததால் வெண்மையாகத் தெரிகிறது. இதன் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு மட்டுமே. நன்றாக வழுக்கும், துருவையும் ஓரளவு தாங்கும். ஆனால் கனம் மிகுந்தால் பொடிந்து உதிரும்.

2. பரவிய பகுதி: வெள்ளை அடுக்கின் கீழ் சற்றுக் கருமையாகத் தெரிவது. எஃகில் கலந்துள்ள குரோமியம், அலுமினியம் போன்ற உலோகங்களுடன் நைட்ரஜன் கூடி, மிக நுண்ணிய துகள்களாக இங்கே படிந்திருக்கிறது. அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று நகர முடியாதபடி இத்துகள்கள் தடுக்கின்றன. கடினம் கூடுவது இதனால்தான். மேலும் இப்பகுதி விரிய முயன்று, உட்பகுதியால் தடுக்கப்பட்டு, இறுக்கத்தில் இருக்கிறது. அதனால் சிறு வெடிப்புகள் எளிதில் வாய் திறப்பதில்லை. தண்டு முறிவது குறைகிறது.

3. உட்பகுதி: நைட்ரஜன் எட்டாத பழைய எஃகு. இது அதிர்ச்சியைத் தாங்கும் தன்மையோடு இருக்கிறது.

கடினத்தின் அளவு

வைரமுனையை எஃகில் அழுத்தி, விழும் பள்ளத்தைக் கொண்டு கடினத்தை அளக்கிறார்கள். இதற்கு விக்கர்ஸ் எண் என்று பெயர். உட்பகுதியில் இந்த எண் சுமார் 250 முதல் 350 வரை இருக்கும். குரோமியம் கலந்த எஃகில் நைட்ரஜன் ஏற்றினால் மேற்பரப்பில் 600-க்கு மேல் செல்லும். அலுமினியமும் கலந்திருந்தால் 900-ஐத் தாண்டும். 1920-களில் ஜெர்மனியின் குருப் ஆலையில் பணியாற்றிய அடால்ஃப் ஃப்ரை இத்தகைய சிறப்பு எஃகுகளை உருவாக்கினார்.

சாதாரண இரும்பில் இந்த உலோகங்கள் இல்லை. அதில் நைட்ரஜன் ஏற்றினால் வெள்ளை அடுக்கு உண்டாகும். அதன் கீழே கடினம் அதிகம் கூடாது. சத்தைப் பிடித்து வைக்கும் களி இல்லாத மணல் நிலத்தில் உரமிடுவதோடு இதை ஒப்பிடலாம். எனவே "நைட்ரைடு செய்தது" என்ற சொல்லை மட்டும் நம்பி உதிரிப் பாகம் வாங்கக் கூடாது. எந்த எஃகில் செய்தது என்பதையும் கேட்க வேண்டும்.

கொழுவுக்கு இது பயன்படுமா?

இவ்வளவு கடினம் தருமென்றால் கொழுவுக்கும் செய்யலாமே என்று கேட்கலாம். செய்வதில் பயனில்லை. மண்ணிலுள்ள மணலின் கடினம் விக்கர்ஸ் எண்ணில் 1000 அளவுக்கு இருக்கிறது. கல்லும் மணலும் கொழுவைக் கீறித் தேய்க்கின்றன. கொழு பல மில்லிமீட்டர் தேயும் பொருள். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த கடினத் தோல் விரைவில் போய்விடும். கொழுவுக்கும் சுழல்கலப்பைக் கத்திக்கும் முழுக் கனத்திலும் கடினப்படுத்திய எஃகு, அல்லது முனையில் கடின உலோகம் பற்றவைப்பதே ஏற்றது. எண்ணெய் இருக்க, உலோகத்தோடு உலோகம் உராயும் கிராங்க் தண்டு, பல்சக்கரம், வால்வுத் தண்டு போன்றவற்றுக்கே நைட்ரஜன் முறை பொருந்தும்.

கிராங்க் தண்டைச் சாணை பிடிக்கும்போது

தேய்ந்த கிராங்க் தண்டை 0.25 மி.மீ., 0.50 மி.மீ. எனக் குறைத்துச் சாணை பிடிப்பது வழக்கம். இந்த அளவு விட்டத்தில் குறைவது. 0.50 மி.மீ. குறைத்தால் ஒரு பக்கத்தில் 0.25 மி.மீ. போகிறது. கடினம் மேலே அதிகமாகவும் ஆழம் செல்லச் செல்லக் குறைவாகவும் இருப்பதால், சிறந்த பகுதியே முதலில் போய்விடும். குறுகிய நேரம் நைட்ரஜன் ஏற்றிய தண்டானால், முதல் சாணையிலேயே வெள்ளை அடுக்கு முழுவதும் நீங்கிவிடும். அத்தண்டுக்கு மீண்டும் நைட்ரஜன் ஏற்றிய பிறகே பொருத்த வேண்டும். எல்லாக் கிராங்க் தண்டுகளும் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. மின்தூண்டல் முறையில் கடினப்படுத்திய தண்டுகளில் கடினம் பல மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். உங்கள் எஞ்சினில் உள்ளது எவ்வகை என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்து அறியவும்.

ஒரு சோதனை

போர்டோக் கலவை தயாரித்ததும், தீட்டிய கத்தியை அதில் நனைத்துப் பார்ப்பீர்கள். கத்தியில் செந்நிறம் படிந்தால், செம்பு மிகுந்திருக்கிறது என்று மேலும் சுண்ணாம்பு சேர்ப்பீர்கள். பணிமனைகளில் இதே தத்துவம் பயன்படுகிறது. எண்ணெய்ப் பசை நீக்கிய தண்டின் மீது செம்பு உப்புக் கரைசலை ஒரு சொட்டு விடுவார்கள். செந்நிறம் உடனே படிந்தால் நைட்ரைடு அடுக்கு போய்விட்டது என்று பொருள். படியாவிட்டால் அடுக்கு இருக்கிறது. சோதித்தபின் அவ்விடத்தை நன்கு கழுவித் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. சாணைக்குக் கொடுக்குமுன், தண்டு நைட்ரஜன் ஏற்றியதா, மீண்டும் ஏற்றித் தரப்படுமா என்று கேளுங்கள். அந்தச் செலவையும் சேர்த்துப் புதுத் தண்டின் விலையோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

2. இத்தகைய உறுப்பு வளைந்தால் தட்டி நிமிர்த்தக் கூடாது. மேல்தோல் வெடித்துவிடும்.

3. கொல்லர் உலையில் சிவக்கக் காய்ச்சுவதும், மேல்தோல் மீது பற்றவைப்பதும் கூடாது.

4. அம்மோனியாவையோ யூரியாவையோ கொண்டு வீட்டிலோ பட்டறையிலோ இதைச் செய்ய முயல வேண்டாம். அம்மோனியா மூச்சைத் திணறடிக்கும். காற்றுடன் கலந்தால் தீப்பற்றவும் கூடும்.

5. எஞ்சின் எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்றி, காற்று வடிகட்டியைத் தூய்மையாக வையுங்கள். எண்ணெயில் புழுதி கலந்தால் எந்தக் கடினத் தோலும் நிலைக்காது.