ரீகன்சைல் ஆன என்ட்ரியைத் தொட்டால் தீட்டா?

"பேங்க் ரீகன்சைல் முடிஞ்சிருச்சு சார், இனி அந்த என்ட்ரியைத் தொட்டா பேங்க் டேலி ஆகாது." மார்ச் முடிந்து ஆடிட் தொடங்கினால் எந்த ஆபீஸிலும் இந்தப் பாட்டுதான். அக்கவுன்டன்ட்கள் வேலையை விட்டுப் போகிறார்கள். இந்த வதந்தி மட்டும் போகமாட்டேன் என்கிறது.

ஒரு பேமென்ட் வவுச்சரைத் திறந்து பாருங்கள். கிரெடிட்டில் பேங்க், டெபிட்டில் செலவு. ரீகன்சைல் செய்தபோது பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு நீங்கள் ஒப்பிட்டது பேங்க் பக்கத்தை மட்டும்தான்: எந்த அக்கவுன்ட், எவ்வளவு, எந்தத் தேதி. டேலி மென்பொருளில் போடும் பேங்க் டேட்டும் அந்தப் பக்கத்துக்கு உரியதே. பணம் டீசலுக்குப் போனதா, முதலாளி வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போனதா என்று பேங்க் கேட்பதில்லை. டெபிட் லெட்ஜரை மட்டும் மாற்றி சேவ் செய்துவிட்டு, பேங்க் ரீகன்சைல் அறிக்கையான பி.ஆர்.எஸ்.ஸைத் திறந்து பாருங்கள், ஒரு பைசா நகர்ந்திருக்காது. தொகையையோ தேதியையோ பேங்க் லெட்ஜரையோ மாற்றினால்தான் வம்பு. என்ட்ரியை டெலீட் செய்தால் கேட்கவே வேண்டாம்.

பயந்தவர்கள் செய்கிற வைத்தியம்தான் எனக்கு எரிச்சல். லாரிக் கடன் இ.எம்.ஐ. 42,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 13,500, அசல் 28,500. முழுவதையும் வட்டிச் செலவில் எழுதிவிட்டார்கள். லாபம் 28,500 குறைந்து நிற்கிறது. கடன் பாக்கியோ குறையவே இல்லை. அதே வவுச்சரில் டெபிட்டை இரண்டாகப் பிரித்தால் தீர்ந்தது, கிரெடிட்டில் 42,000 அப்படியே இருக்கும். இவர்களோ 42,000 வரவு வந்ததாக ஒரு ரிசிப்ட்டும், மறுபடி கொடுத்ததாக ஒரு பேமென்ட்டும் போடுகிறார்கள். இரண்டுமே ஸ்டேட்மென்ட்டில் இல்லாத பேய் என்ட்ரிகள். ஒரு வருஷ இ.எம்.ஐ.க்கு 24 பேய்கள்! பிறகு அவற்றுக்கும் கற்பனையாக ஒரு பேங்க் டேட். எதைக் காப்பாற்றப் போனார்களோ அதையே கெடுத்தாயிற்று.

கோவையிலும் சென்னையிலும் இருந்து அமெரிக்கக் கணக்கு எழுதுகிறவர்களைக் கேளுங்கள். குவிக்புக்ஸ் ஆன்லைனின் அக்கவுன்டன்ட் பதிப்பில் என்ட்ரிகளை மொத்தமாக வேறு கணக்குத் தலைப்புக்கு மாற்றவே ஒரு வசதி இருக்கிறது. பாவமென்றால் கொடுத்திருப்பார்களா? ரீகன்சைல் ஆன என்ட்ரியைப் பூட்டிவைக்கும் மென்பொருள் உங்களுடையதானால், ஜர்னல் போடுங்கள்: சரியான லெட்ஜர் டெபிட், தவறான லெட்ஜர் கிரெடிட். பேங்க்கை உள்ளே இழுக்காதீர்கள்.

"எடிட் லாக்கில் மாட்டிக்கொள்வோம்" என்பது அடுத்த பயம். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்கு எடிட் லாக் கட்டாயம். யார், எப்போது, எதை மாற்றினார் என்று அது எழுதிவைக்கும். மாற்றாதே என்று சொல்வதில்லை.

"ரீகன்சைல் ஆனாலே கணக்கு சரி." இல்லை. பணம் போனது உண்மை என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

கையைக் கட்டிக்கொள்ள வேண்டிய இடம் வேறு. பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்தாகி முடிந்த வருஷத்துக்குள் நுழைந்து லெட்ஜரை மாற்றக் கூடாது. நடப்பு வருஷத்தில் ஜர்னல்தான். ஜி.எஸ்.டி. கிரெடிட் எடுத்த பில்லை சொந்தச் செலவுக்கு மாற்றினால் அந்த கிரெடிட்டையும் திருப்ப வேண்டும். கூலி என்று எழுதியதை கான்ட்ராக்ட் என்று மாற்றினால் டி.டி.எஸ். பிடிக்க வேண்டுமா என்று பாருங்கள். பேங்க் டேலி ஆகுமா என்று நடுங்குகிறவர்கள் இதையெல்லாம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

முதலாளிகளே, உங்களுக்கும் ஒன்று. இந்தத் திருத்தங்களில் பாதி உங்கள் போனிலிருந்து வருகிறது. பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், எல்.ஐ.சி. பிரீமியம், மளிகை எல்லாம் கடையின் கரன்ட் அக்கவுன்ட்டிலிருந்து ஜி-பேயில் பறக்கின்றன. அக்கவுன்டன்ட் பாவம், 'ஆபீஸ் செலவு' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார். மாதம் ஒரு தொகையை டிராயிங்ஸாக எடுத்து வீட்டு சேவிங்ஸ் அக்கவுன்ட்டில் போட்டு, அந்த ஆப்பை அதோடு இணையுங்கள். கரன்ட் அக்கவுன்ட்டை உங்கள் போனிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.