உறங்கிப்போன பாட்டரி

மார்கழிப் பனியில் தில்லித் தெருக்களில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. கார்ச் சாவியைத் திருப்புவார்கள், 'டிக்' என்று ஓர் ஒலி, பிறகு மௌனம். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் நம் நண்பர்களுக்கும் இது நேரலாம். ஆகவே பாட்டரி ஏன் செயலிழக்கிறது, முன்மூடியை எப்படித் திறப்பது, கம்பிகளை எம்முறையில் பூட்டுவது என்பவற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

1859-இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளான்தே அமைத்த ஈய மின்கலமே இன்றும் பெரும்பாலான கார்களில் உள்ளது. ஆறு கலங்கள் தொடராக இணைந்து, நிறைந்த நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் தருகின்றன. நீர்த்த கந்தக அமிலத்தில் ஈயத் தகடும் ஈய டைஆக்சைடுத் தகடும் நிற்கின்றன. மின்சாரம் எடுக்க எடுக்க, இரண்டின் மேலும் ஈய சல்பேட் படிகிறது. அமிலம் நீராகிக்கொண்டு வருகிறது. நின்ற வண்டியிலும் கடிகாரமும் திருட்டெச்சரிக்கைக் கருவியும் சிறிது சிறிதாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும்.

குளிரில் இவ்வேதிவினை மந்தமாகிறது. எஞ்சின் எண்ணெயும் கெட்டியாகி, ஸ்டார்ட்டர் மோட்டாரின் சுமையைக் கூட்டுகிறது. ஆனால் பழி முழுவதும் குளிருடையதன்று. தகடுகளை அரித்து, நீரை வற்றச்செய்து பாட்டரியைப் பாழாக்குவது பெரும்பாலும் 40 பாகையைத் தாண்டும் கோடைதான். வெயில் கெடுக்கிறது, பனி காட்டிக்கொடுக்கிறது.

குறை பாட்டரியில்தானா என்று முதலில் அறிய வேண்டும். முன்விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்புக. விளக்கு மங்கினால் பாட்டரியையோ அதன் முனை இணைப்பையோ ஐயுறலாம். விளக்கு மங்காமல் நின்றால் ஸ்டார்ட்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

இனி மூடி. பொத்தானை அழுத்தித் திறக்கும் சாவி பயன்படாவிட்டாலும், பெரும்பாலும் அதனுள்ளேயே ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அதனால் கதவைத் திறக்கலாம். பெரும்பாலான கார்களில் முன்மூடிக்கு மின்சாரமே வேண்டியதில்லை. ஓட்டுநரின் முழங்காலருகே உள்ள பிடியை இழுத்தால், எஃகுக் கம்பியொன்று பூட்டை விடுவிக்கும். மூடி விரலளவு உயரும். முன்விளிம்பின் அடியில் விரல் விட்டு இரண்டாம் கொக்கியையும் தள்ள வேண்டும். ஓட்டத்தில் முதற்பூட்டு கழன்றால் காற்று மூடியைத் தூக்கிக் கண்ணாடியில் அடிக்காதிருக்கவே இந்த இரட்டைக் காவல். பிடியை இழுத்தும் திறவாவிட்டால், ஒருவர் மூடியின் முன்விளிம்பை உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் பிடியை இழுக்கட்டும். பூட்டின் மேலுள்ள இறுக்கம் தளர்ந்து, பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

பாட்டரி வீங்கியோ, வெடித்தோ, உறைந்தோ இருந்தால் கம்பி பூட்டவே கூடாது. நன்றாயிருந்தால், உதவும் வண்டியும் 12 வோல்ட் பாட்டரி உடையதுதானா என்று பார்த்து, இரு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, எஞ்சின்களை அணைத்து, கைப்பிரேக்கைப் போடுக. பின்னர்:

1. சிவப்புக் கம்பியின் ஒரு நுனி, செயலிழந்த பாட்டரியின் நேர்முனையில்.
2. மறுநுனி, நல்ல பாட்டரியின் நேர்முனையில்.
3. கறுப்புக் கம்பியின் ஒரு நுனி, நல்ல பாட்டரியின் எதிர்முனையில்.
4. மறுநுனி, செயலிழந்த வண்டியின் எஞ்சினில் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில், பாட்டரியிலிருந்து விலகி.

இந்த நான்காம் படியில்தான் பலர் தவறுகின்றனர். கடைசியாகப் பூட்டும் இடத்தில் பொறி பறக்கும். பாட்டரியிலிருந்தோ ஹைட்ரஜன் வாயு வெளியேறக்கூடும். காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே அது தீப்பற்றவல்லது. பொறி பாட்டரியின் மேல் விழுந்து அது வெடித்தால், தெறிக்கும் அமிலம் கண்ணைப் பறித்துவிடும். பொறியையும் வாயுவையும் பிரித்து வைப்பதே இவ்வரிசையின் நோக்கம். அருகில் பீடி, சிகரெட் புகைப்பதும் கூடாது.

நல்ல வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு மற்றதைக் கிளப்புக. கிளம்பியதும் கம்பிகளைத் தலைகீழ் வரிசையில் கழற்றுக. சில கார்களில், குறிப்பாக மின்கார்களில், முறை மாறும். கையேட்டைப் பார்த்தே செய்க.

கிளம்பிவிட்டதால் பாட்டரி நிறைந்துவிட்டதென்று எண்ண வேண்டா. நெடுநேரம் ஓட்டினாலன்றி அது தேறாது. முழுதும் நிறையத் தனிச் சார்ஜர் வேண்டும். வெறுமையாகவே விட்டுவைத்தால் ஈய சல்பேட் படிகமாய் இறுகிவிடும். பிறகு எம்மின்சாரத்தாலும் அதை முழுதும் மீட்க இயலாது. நீண்ட விடுமுறைக்கு ஊர் செல்வோர், எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட்டு ரயிலேறுவது நலம்.