தளரா உள்ளம்

செங்கற்பட்டு மாவட்டத்தின் கடற்கரையில் அமைந்த பழம்பதி மாமல்லபுரம். அங்குள்ள கடற்கரைக் கோயில், கி.பி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் காலத்தில் எழுந்தது. ஏறத்தாழ 1300 ஆண்டுகளாக உப்புக் காற்று அதன் சிற்பங்களை அரித்து வந்துள்ளது. எனினும் கோயில் நிமிர்ந்து நிற்கின்றது. அதற்குக் கல்லின் உறுதி ஒரு காரணம். அலையைத் தடுக்கப் பாறைகளை அடுக்கியும், காற்றைத் தடுக்க மரங்களை வளர்த்தும் பிற்காலத்தார் செய்த காவல் மற்றொரு காரணம். தன் உறுதியும் பிறர் துணையும் கூடுமிடத்தே இடையூறு தோற்றோடும். மக்கள் வாழ்விற்கும் இவ்வுண்மை பொருந்தும். இக்கரைக்கு வடக்கேயுள்ள சென்னையிலிருந்து உலக அரங்கிற்குச் சென்ற டென்னிஸ் வீரர் மூவரின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

முதலாவது இடையூறு நோய். 1953-இல் சென்னையில் பிறந்த விஜய் அமிர்தராஜ், இளமையில் நுரையீரல் நோயால் வருந்தி, பல நாட்களை மருத்துவமனையிற் கழித்தார். அன்னையார் மாகி அம்மையார், மகனுக்காகத் தாமே வகுப்பில் அமர்ந்து பாடங்களைக் குறித்து வந்து கற்பித்தார். திறந்தவெளி ஆட்டத்தால் உடல் தேறும் என்று டென்னிஸ் பழகவும் செய்தார். மூச்சுவிட வருந்திய அச்சிறுவர், 1973-இல் தம் பத்தொன்பதாம் வயதில் விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் ஆகிய இரண்டிலும் காலிறுதியை எட்டினார். ராட் லேவர் என்னும் பெருவீரரையும் வென்றார்.

இரண்டாவது இடையூறு காயம். பிரஜ்னேஷ் குணேஸ்வரன் என்பார்க்கு முழங்கால் எலும்பில் விரிசல் கண்டது. பிறர் முன்னேறிய இளமைக் காலத்தில் அவர் பல ஆண்டுகள் களம் காணாதிருக்க நேர்ந்தது. காயம் ஆறும்வரை பொறுத்திருத்தலும் முயற்சியின் ஒரு கூறே. மீண்டு வந்த அவர், 2018-இல் ஆசிய விளையாட்டில் வெண்கலப் பதக்கம் பெற்றார்; 2019-இல் உலகத் தரவரிசையில் 75ஆம் இடத்தை அடைந்தார். 2024-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

மூன்றாவது இடையூறு மனத்தளர்ச்சி; இது கண்ணுக்குப் புலப்படாதது. 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதி கண்டவர் இராமநாதன் கிருஷ்ணன். 1966-இல் கல்கத்தாவில் பிரேசில் நாட்டுடன் நடந்த டேவிஸ் கோப்பைப் போட்டியில் இரு நாடுகளும் இரண்டிரண்டு வெற்றிகளுடன் சமமாய் நின்றன. முடிவு செய்யும் ஆட்டத்தில் தாமஸ் காக் என்பார் இரண்டு செட்களை வென்று, நான்காம் செட்டிலும் 5-2 என முந்தி நின்றார். தோல்வி கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. கிருஷ்ணன் கலங்கினாரல்லர், ஒவ்வொரு பந்தாகக் கருத்தூன்றி ஆடினார். அச்செட்டை 7-5 என்றும், இறுதிச் செட்டை 6-2 என்றும் கைக்கொண்டார். இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றில் நுழைந்தது. அங்கே ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. எனினும் கல்கத்தா வெற்றியின் புகழ் குன்றவில்லை.

திருவள்ளுவர், ஆள்வினையுடைமையை அடுத்து இடுக்கண் அழியாமை என்னும் அதிகாரத்தை வைத்தார். முயல்வோர்க்கு இடுக்கண் வருதல் இயல்பு. அப்போது உள்ளம் உடையாதிருத்தலே முயற்சியைக் காக்கும் அரண் என்பது அவ்வைப்புமுறையால் விளங்கும். நோயுற்றால் மருந்தும், காயமுற்றால் ஓய்வும், மனம் சோர்ந்தால் பெரியோர் துணையும் நாடுதல் இழிவாகாது. மாணவர்கள் தேர்விலோ ஆட்டத்திலோ பின்தங்க நேரின், அதனை முடிவெனக் கொள்ளாது, அடுத்த பந்தை எதிர்நோக்கும் வீரரைப்போல் எழுந்து நிற்பார்களாக.