பாடம் 7: ஹீலலிகே தொடர்வண்டி நிலையம்

மாணவர்களே, சந்தாபுராவில் தொடர்வண்டி நிலையம் எங்குள்ளது என்று எவரேனும் வினவினால், ஹீலலிகேவுக்கு வழி காட்டுவீர்கள். சந்தாபுரா என்னும் பெயரில் நிலையம் இல்லை. அருகிலுள்ள சிற்றூரின் பெயரையே நிலையம் தாங்கி நிற்கிறது. ஓசூர் நோக்கிச் சென்றால் அடுத்து வருவது 'ஆனேக்கல் ரோடு'. ஒரு நிலையத்தின் பெயரில் 'ரோடு' என்ற சொல் இருந்தால், ஊர் சற்றுத் தொலைவில் உள்ளது, அங்கிருந்து ஊருக்குச் சாலை செல்கிறது என்று பொருள். தமிழ்நாட்டின் வாலாஜா ரோடும் அத்தகையதே.

தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டில் சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. எட்டே ஆண்டுகளில், 1864இல், சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூரு கண்டோன்மென்ட் வரை இருப்புப்பாதை வந்துவிட்டது. ஆனால் அப்பாதை பங்காருப்பேட்டை வழியாகச் சென்றது. ஓசூர்ப் பக்கத்து மக்களுக்கு அதனால் பயனில்லை.

அவர்களுக்குக் கிடைத்தது ஒரு சிறு வண்டி. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டு செல்ல உதவும் என்று கருதி, மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் குறுகிய இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 762 மில்லிமீட்டர் அகலமே இருந்தது. உங்கள் வகுப்பறை மேசையின் உயரம் ஏறத்தாழ அவ்வளவு இருக்கும், அளந்து பாருங்கள். அப்பாதை 1913இல் ஓசூர் வரை நீண்டது, அங்கேயே நின்றும் போனது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941இல் அது மூடப்பட்டது. ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட பகுதிக்கு, அதாவது நாம் வாழும் இப்பகுதிக்கு, அவ்வண்டி ஒருநாளும் வரவில்லை.

சேலத்தையும் பெங்களூரையும் ஓசூர் வழியே இணைக்கும் மீட்டர் பாதை 1960களின் இறுதியில்தான் நிறைவுற்றது. பின்னர் 1990களில் அது 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. இவ்வழியே மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் வண்டி இராயக்கோட்டை, பாலக்கோடு, தருமபுரி, தொப்பூர், ஓமலூர் என்று சேலம் சேர்கிறது. பொங்கல் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்களுள் பலர் இப்பெயர்களைச் சன்னல் வழியே படித்திருப்பீர்கள். பணிமாற்றத்தால் இங்கு வந்த எனக்கும் அவை பழகிய பெயர்களே.

தொலைவூர்களை இணைக்கவே அமைந்த இப்பாதையைச் சுற்றி, பிற்காலத்தில் மின்னணு நகரமும் பொம்மசந்திரா தொழிற்பேட்டையும் எழுந்தன. நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் பெருகினர். ஆயினும் பாதை நெடுங்காலம் ஒற்றைத் தடமாகவே இருந்தது. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்தால், ஒன்று நிலையத்தின் கிளைத்தடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். மற்றது கடந்த பின்னரே அது புறப்படலாம். பெரும்பாலும் ஒதுங்கி நிற்பது பயணியர் வண்டியே. காலை வேலைக்குச் செல்பவருக்குப் பதினைந்து நிமிடத் தாமதம் சிறிதன்று. பையப்பனஹள்ளி முதல் ஓசூர் வரை 48 கிலோமீட்டருக்கு இரட்டைத் தடம் அமைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டதன் காரணம் இதுவே.

இந்நிலையம் தென்மேற்கு இரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தைச் சேர்ந்தது. ஓசூரும் தருமபுரியும் தமிழ்நாட்டில் இருந்தாலும் அவையும் இதே கோட்டத்தின்கீழ் வருகின்றன. மாநில எல்லையும் இரயில்வே எல்லையும் ஒன்றல்ல என்பதை நினைவிற் கொள்க. 'மெமு' எனப்படும் மின்தொடர் வண்டிகள் இங்கு நின்று செல்கின்றன. அவற்றின் இருமுனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஆகவே திரும்பும்போது எஞ்சினைக் கழற்றி மாட்ட வேண்டுவதில்லை. 2023 டிசம்பரில் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர்–பெங்களூரு வந்தே பாரத் வண்டியோ நில்லாமல் விரைகிறது. நடைமேடையில் நிற்போர் ஓரடி பின்வாங்கி நிற்றல் நலம்.

பெங்களூருக்குப் புறநகர் இரயில் வேண்டும் என்ற பேச்சு 1980களிலேயே எழுந்தது. 148 கிலோமீட்டர் நீளமுள்ள திட்டத்திற்கு நடுவண் அரசு 2020 அக்டோபரில்தான் ஒப்புதல் அளித்தது. 2022 ஜூன் 20 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. நான்கு தடங்களுக்கும் மலர்ப் பெயர்கள்: சம்பிகே, மல்லிகே, பாரிஜாத, கனக. சண்பகம், மல்லிகை, பாரிசாதம், கனகாம்பரம் என அவற்றை நாம் அறிவோம். கனகத் தடம் ஹீலலிகேயில் தொடங்கி இராஜானுகுண்டே வரை ஏறத்தாழ 46 கிலோமீட்டர் செல்லும். பணிகள் எதிர்பார்த்த விரைவில் நடைபெறவில்லை. அத்தடம் ஓசூருக்கும் நீள வேண்டும் என்று அங்குள்ள மக்கள் கேட்டு வருகின்றனர். பழைய சிறு வண்டி ஓசூரோடு நின்றது. புதிய தடமோ ஓசூரை எட்டாமல் நிற்கிறது.

2025 ஆகஸ்ட் 11 முதல் பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை மெட்ரோ வண்டி ஓடுகிறது. நகரின் தென்பகுதிக்குச் செல்ல அது எளிது. கார்மேலாரம், பையப்பனஹள்ளி செல்வோருக்கும், ஓசூர், தருமபுரி செல்வோருக்கும் ஹீலலிகேயே வழி.

சொற்பொருள்
இருப்புப்பாதை – இரும்புத் தண்டவாளப் பாதை
கிளைத்தடம் – முதன்மைத் தடத்திலிருந்து பிரிந்து மீண்டும் அதில் சேரும் தடம்
கோட்டம் – நிருவாகப் பிரிவு

பயிற்சி
1. ஒற்றைத் தடத்தில் பயணியர் வண்டி தாமதமாவது ஏன்?
2. நிலையத்தைக் கன்னடத்தில் 'நில்தாண' என்பர். இச்சொல்லில் உள்ள தமிழ் வினை யாது? அதே வினையிலிருந்து பிறந்த தமிழ்ச்சொற்கள் மூன்று எழுதுக.
3. ஹீலலிகேயின் பெயர்ப்பலகையில் உள்ள மொழிகளையும் ஓசூர்ப் பலகையில் உள்ள மொழிகளையும் ஒப்பிடுக.
4. உங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பெங்களூருக்கு வந்தவர் யார்? எவ்வூரிலிருந்து, எவ்வழியாக வந்தார்? அவரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.