வினைக்கட்டுப்பாட்டுக் காரணியைக் கண்டறிதல்

இரு பொருள்கள் கூடி வினைபுரியும்போது, ஒன்று முழுவதும் செலவாகிவிட, மற்றொன்று மிஞ்சி நிற்பது உண்டு. முதலில் தீர்ந்துபோகும் பொருளே விளைபொருளின் அளவை நிர்ணயிக்கின்றது. அதனை வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்பர். எடையை மட்டும் நோக்கி அதனைத் தீர்மானித்தல் இயலாது.

உரத்தொழிலிலிருந்து ஓர் உதாரணம் காண்போம். கந்தகத்தை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியிருந்த காலத்தில், 1951-ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய சிந்திரி உரத் தொழிற்சாலை, இராஜஸ்தானத்து ஜிப்சத்தைக் கொண்டு அம்மோனியம் சல்பேட்டைத் தயாரித்தது. அவ்வினை வருமாறு:

ஜிப்சம் (172) + அம்மோனியம் கார்பனேட் (96) → அம்மோனியம் சல்பேட் (132) + கால்சியம் கார்பனேட் (100) + நீர் (36)

அடைப்பிலுள்ளவை வினையில் பங்குகொள்ளும் எடை விகிதங்கள். ஜிப்சமும் கார்பனேட்டும் மூலக்கூறுக்கு மூலக்கூறு சமமாகச் சேர்கின்றன.

430 கிலோகிராம் ஜிப்சத்தாதுவும் 240 கிலோகிராம் அம்மோனியம் கார்பனேட்டும் உள்ளன எனக் கொள்வோம். 430-ஐ 172-ஆல் வகுத்தால் 2.5, 240-ஐ 96-ஆல் வகுத்தாலும் 2.5. இரண்டும் சரியாகப் பொருந்துவன போலவும், 330 கிலோகிராம் உரம் கிடைக்கும் போலவும் தோன்றும். ஆயின் தாதுவில் மண்ணும் பிறவும் கலந்திருக்கும். அதன் தூய்மை நூற்றுக்கு 80 எனின் கணக்கு மாறிவிடுகின்றது.

1. தாதுவிலுள்ள மெய்யான ஜிப்சம்: 430 × 0.80 = 344 கிலோகிராம்.

2. ஜிப்சம்: 344 ÷ 172 = 2. கார்பனேட்: 240 ÷ 96 = 2.5. சிறிய ஈவைத் தருவது ஜிப்சம். எடையில் மிகுந்ததாயினும் அதுவே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி.

3. வினை முற்றுப்பெறின் கிடைக்கும் உரம்: 2 × 132 = 264 கிலோகிராம்.

4. செலவாகும் கார்பனேட்: 2 × 96 = 192 கிலோகிராம். எஞ்சுவது 48 கிலோகிராம்.

எதிர்பார்த்ததைவிட 66 கிலோகிராம் உரம் குறைகின்றது. பயிருக்குச் சேரவேண்டிய நைட்ரஜனில் இது 14 கிலோகிராம். அந்த நைட்ரஜன் எஞ்சிய கார்பனேட்டிலேயே தங்கிவிடுகின்றது. அதனை மீட்டுப் பயன்படுத்தாவிடில், அரிதின் முயன்று தயாரித்த அம்மோனியா வீணாகும். ஆதலின் தூய்மையை முதலில் சோதித்து, அதன் பின்னரே அளவுகளை வகுத்தல் வேண்டும்.

சமன்பாட்டில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமமாக இல்லாதபோது, கிடைத்த ஈவை அவ்வப்பொருளின் எண்ணால் மீண்டும் வகுத்து ஒப்பிடுக.

பயிற்சி: ஒரு மூலக்கூறு நைட்ரஜனும் மூன்று மூலக்கூறு ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு மூலக்கூறு அம்மோனியா உண்டாகின்றது. 56 கிலோகிராம் நைட்ரஜனும் 9 கிலோகிராம் ஹைட்ரஜனும் முற்றும் வினைபுரியின் எது முதலில் தீரும்? எவ்வளவு அம்மோனியா கிடைக்கும்?

விடை: ஹைட்ரஜன், 51 கிலோகிராம். நைட்ரஜனில் 14 கிலோகிராம் எஞ்சும்.