அடிப்பிடித்த சட்டியும் அகலாத புகையும்

ஊர் திரும்பிய முதல் மாதங்களில் பல குடும்பங்களுக்கு ஒரே கொட்டில்தான் படுக்கையறையும் குசினியும். விறகு ஈரம், அடுப்பு மூன்று கல், கையில் இருப்பது மெல்லிய அலுமினியச் சட்டி. சோறு அடிப்பிடிப்பதற்கும் பாயும் உடுப்பும் புகை மணப்பதற்கும் பெரும்பாலும் இவைதான் காரணம், சமைப்பவரின் கவனக்குறைவு அல்ல.

சட்டி அடிப்பிடித்தால்

1. உடனே இறக்குங்கள். மேலுள்ள நல்ல சோற்றை, அடியைச் சுரண்டாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.
2. சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்; அடி நெளிந்துவிடும். ஆறிய பின் கருகல் மூடும் அளவு தண்ணீரும் சிறிது பழப்புளியும் விட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள்.
3. இறக்கி ஊறவிட்டு, அகப்பையால் கிளப்பி, தேங்காய்த் தும்பால் தேயுங்கள். மணலும் கம்பித் தும்பும் கீறலை உண்டாக்கும். கீறலில் அடுத்த சோறு இன்னும் இறுகப் பிடிக்கும்.

அலுமினியத்தைச் சாம்பல் தண்ணீரிலோ அப்பச்சோடாவிலோ ஊற வைத்தால் கறுக்கும். மண்சட்டி சவர்க்காரத்தை உறிஞ்சும். அதைச் சுடுநீரில் ஊறவிட்டுத் தேய்த்து வெயிலில் காய வையுங்கள்.

சட்டியின் வெளிப்புறத்தில் குழைத்த சாம்பலைப் பூசிவிட்டு அடுப்பில் வைத்தால், கரி அதனுடன் சேர்ந்து இலகுவாகக் கழுவுப்படும்.

கவனம்: கிணறு சுத்தமாக்கத் தந்த குளோரினைப் பாத்திரம் துலக்கப் பாவிக்க வேண்டாம். புளி, தேசிக்காய், வினாகிரி ஆகியவற்றுடன் அது கலந்தால் நச்சு வாயு வெளிவரும்.

புகை மணம் போக

சாம்பிராணி மணத்தை மறைக்கும், புகையைக் கூட்டும். பாய், தலையணை, போர்வையை வெயிலில் உதறிப் போடுங்கள். தறப்பாளையும் தகரத்தையும் சவர்க்காரத் தண்ணீரால் துடையுங்கள். படிந்த கரியை எடுக்காமல் மணம் போகாது.

புகையைக் குறைக்க

• அடுப்பைக் கொட்டிலுக்கு வெளியே தனிப் பத்தியில் வையுங்கள். சோளகம் வீசும் காலத்திலும் வாடை வீசும் காலத்திலும் புகை எப்பக்கம் போகிறது என்று பார்த்து மறைப்பை மாற்றுங்கள்.
• விறகைப் பிளந்து, மழை படாமல் உயர அடுக்கிக் காய விடுங்கள்.
• இரண்டு பானை வைக்கும் ‘அனகி’ மண் அடுப்பு கிடைத்தால் விறகு மிச்சமாகும்.
• பொலித்தீன், ரயர் துண்டு, மண்ணெண்ணெய் ஊற்றி மூட்ட வேண்டாம்.

கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்க வேண்டாம். புகை சிறு பிள்ளைகளுக்கு நியுமோனியா வரும் ஆபத்தைக் கூட்டும்; தொய்வு உள்ளவர்களுக்கு முட்டு வரும். நுளம்புக்காகத் தணல் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கவே கூடாது. தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வந்தால் எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 1990 இலக்கத்துக்கு அழையுங்கள்.

விறகுக்குப் போகும்போது

மிதிவெடி அகற்றப்படாத காணிக்குள் விறகுக்குப் போக வேண்டாம். புதிய இடத்தில் அடுப்போ குப்பையோ எரிக்குமுன், அந்தக் காணி துப்புரவாக்கப்பட்டதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். புதைந்த வெடிபொருள் சூட்டில் வெடிக்கக்கூடும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் விலகி, 119 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

மாதர் சங்கத்தில் பேசுவதற்கு

1. உங்கள் அடுப்புப் புகை எந்நேரம் யார் மீது படுகிறது?
2. மாரிக்கு முன் விறகைச் சேர்த்து அடுக்க எந்த வீடுகளுக்கு உதவி தேவை?