பின் அச்சின் றப்பர் புஷ் மாற்றுதல்

ஸ்டார்லெட் போன்ற பழைய சிறு கார் குழியில் விழும்போது பின்னால் "டக்" என்று சத்தம் கேட்கிறதா? வளைவில் பின்பக்கம் அலைகிறதா? பின் அச்சை உடலோடு இணைக்கும் றப்பர் புஷ்கள் தேய்ந்திருக்கலாம்.

முன் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். காரை உயர்த்தி உறுதியான தாங்கிகளில் நிறுத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்க வேண்டாம்; உயிருக்கே ஆபத்து. அச்சை இன்னொரு ஜக்கால் தாங்கி, பிறேக் குழாய் இழுபடாமல் பார்த்து, போல்ட்டைக் கழற்றுங்கள். பழைய புஷ் இருந்த திசையை முதலில் அடையாளமிடுங்கள். இரு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள்.

புதிய புஷ் போட்டதும் போல்ட்டை இலேசாக மட்டும் முறுக்குங்கள். காரின் பாரம் சில்லுகளில் இறங்கிய பின்பே முழுதாக இறுக்குங்கள். அச்சு தொங்கும்போது இறுக்கினால், கார் இறங்கியதும் றப்பர் முறுகி நின்று விரைவில் கிழியும். சிரமப்பட்டுச் சேர்த்த காசும் வீணாகும்.